சட்டைப்பையில் வந்து போன கம்ப்யூட்டர்

ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பது கலியமூர்த்தியின் வேலை. லோகநாயகி தைத்து முடித்ததை ஊசியும் நூலுமாக அவர் மடியில் போட்டுவிட்டு அடுத்ததை மிஷினில் கொடுப்பாள். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, டிவிச் செய்தியைக் காதால் மட்டும் கேட்டபடி, கொக்கியைக் குத்தி, சுற்றி, இழுத்து இறுக்கி, நூலைப் பல்லால் கடித்துத் துப்புவார். கடலூர் முதுநகரில் அவர்கள் தெருப் பெண்கள், "லோகாக்கா தச்சா கொக்கி மட்டும் பிஞ்சே போறதில்ல" என்பார்கள்.

"அதுக்குன்னு படிச்ச ஆளு ஒன்ன வச்சிருக்கேன்ல" என்பாள் லோகநாயகி.

கலியமூர்த்தி பெரிய படிப்பெல்லாம் படித்தவர் இல்லை. ப்ளஸ் டூ முடித்த கையோடு கடலூரில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கப் போனார். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது முதலாளிக்கு அதைத் தொடப் பயம்; இவரை உட்கார வைத்தார். அன்றைக்கு உட்கார்ந்ததுதான். திருவந்திபுரத்தில் கல்யாணம் நடந்தபோது தன் பத்திரிகையைத் தானே அடித்துக்கொண்டார். பிறகு பத்திரிகைகள் செல்போனுக்குள் போக ஆரம்பித்ததும் சிதம்பரத்துக்குப் போய், பல்கலைக்கழகம் போகிற சாலையில் பாதிக் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். மீதிப் பாதியில் ஜெராக்ஸ்காரர். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளின் ஆய்வேட்டைத் தமிழில் அடித்துத் திருத்தி, பைண்டிங் வரைக்கும் பார்த்துக் கொடுப்பது இவர் தொழில். மகள் இலக்கியாவைப் பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்ததும் அந்தத் தொழிலில்தான்.

நாள்தோறும் பாசஞ்சர் ரயில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ஊர்கள் வரும் வரிசையை இடுப்பே சொல்லும். கண்ணும் கொஞ்சம் மங்கியது. சாயந்திரம் கடையிலேயே உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து செய்யலாம் என்றால் வேலை எல்லாம் அங்கே இருந்தது. இந்தச் சமயம் பார்த்துக் கடைக் கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கும் மண்டையைப் போட்டது.

லோகநாயகியின் தம்பி அருள்மொழி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு வந்தவனிடம் கலியமூர்த்தி விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா மாமா மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க? கடையில ஒரு பெட்டி இருக்கு, வூட்ல ஒரு பெட்டி இருக்கு. ரெண்டும் வெறும் ஒடம்பு. உசுர மட்டும் தனியா ஒரு டிஸ்க்ல வச்சி சட்டப்பையில போட்டுக்குங்க. எங்க போறீங்களோ அங்க சொருவுங்க."

"விண்டோஸ் அதுலேர்ந்து ஓடுமா மச்சான்?"

"ஓட வப்போம். டிஸ்க் ஒன்னு குடுங்க."

வீட்டில் இருந்தது இலக்கியா கல்யாண வீடியோ போட்டு வைத்திருந்த டிஸ்க் ஒன்றுதான். உள்ளங்கை அளவு, கறுப்பு. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்து லோகநாயகி அதை எடுத்து வந்தாள்.

"இதுல விண்டோஸ் ஏத்துனா உள்ள இருக்கறது மொத்தமும் அழிஞ்சிடும்க்கா."

"அழியுமா? அடேய், உன் மாமன் தாரை வார்க்கறப்ப அழுதது அதுல மட்டுந்தாண்டா இருக்கு."

"அத மொதல்ல வூட்டுக் கம்ப்யூட்டருக்கு மாத்திடறேன்க்கா. மாமா அழுததுல ஒரு சொட்டு கொறையாது."

மாற்றினான். அதற்குப் பிறகுதான் வேலையை ஆரம்பித்தான். விண்டோஸ் முதலில் முரண்டு பிடித்தது. இந்த டிஸ்க்கில் என்னைப் போட முடியாது என்று வெளிப்படையாகவே எழுதிக் காட்டியது. "வெளி டிஸ்க்னா அது அப்டித்தான் அடம் புடிக்கும். அதுக்குன்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு" என்று அருள்மொழி தன் லேப்டாப்பில் வேறு வழியாக ஏற்றினான். எந்த டிஸ்க் என்று அது கேட்டபோது மட்டும் அவனே பேச்சை நிறுத்திவிட்டு ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்து அமுக்கினான். வேறொன்றை அமுக்கினால் அந்த வேறொன்று காலி என்றான்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகி, அது உயிர் வரும் நொடியில் ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டினால் எதிலிருந்து எழுந்திருக்கட்டும் என்று கேட்கும். கலியமூர்த்தி தட்டினார். புது இடத்துக்கு வந்த மருமகள் மாதிரி அது வெகுநேரம் சாமான்களை அடையாளம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து நின்றது. மறுநாள் சிதம்பரத்திலும் அப்படியே எழுந்தது. சிதம்பரத்தில் விட்ட பக்கம், விட்ட வரி, முதுநகரில் வந்து திறந்தால் அப்படியே கண் முன்னால். கலியமூர்த்திக்கு அந்த வாரம் முழுக்க யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. ரயிலில் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நெஞ்சு வலிங்களா?" என்று எதிர் சீட்டுக்காரர் கேட்டார்.

டிஸ்க்கைத் தயார் செய்து கொடுத்த அன்றைக்கே அருள்மொழி போகும்போது வாசலில் நின்று சொல்லியிருந்தான்: "ஓடும்போது மட்டும் புடுங்கக்கூடாது மாமா. இது பென் டிரைவ் இல்ல. ஸ்க்ரீன் கருப்பா இருந்தா ஆஃப்னு அர்த்தம் இல்ல, தூங்குதுன்னு அர்த்தம். ஷட் டவுன் குடுத்து, வெளக்கு அணையறதப் பாத்துட்டு எடுங்க. உள் டிஸ்க் எதுவும் இதுலேர்ந்து கண்ணுல படாத மாதிரி வச்சிருக்கேன், ஒன்னுக்கொன்னு கலந்துடக்கூடாதுன்னு. அதனால காப்பி தானா எங்கயும் ஏறாது. நீங்கதான் அப்பப்ப வேற எதுலயாவது எடுத்து வச்சிக்கணும்."

கலியமூர்த்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இதெல்லாம் காதில் விழாமல் லோகநாயகி உள்ளே குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது கல்யாணப் பெட்டி. கல்யாணம் அதைவிட்டுப் போய்விட்ட பிறகும் அவள், "கல்யாணப் பெட்டிய எடுத்துக்கிட்டீங்களா?" என்றுதான் கேட்டு அனுப்புவாள்.

பென் டிரைவில் கொஞ்ச நாள் காப்பி எடுத்தார். ஆடி மாதத்தோடு அது நின்றுபோனது. எடுக்கக்கூடாது என்று இல்லை. டிஸ்க் சட்டைப்பையில்தான் இருக்கிறது, சட்டை உடம்பில்தான் இருக்கிறது என்று ஒரு தெம்பு.

மோனிகா வந்தது அந்த ஆடியில்தான். சோனாங்குப்பத்துப் பெண். துறைமுகத்தில் மீன் எடுத்துத் தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாக விற்கிற பெண்களைப் பற்றி ஆராய்ச்சி. அந்தத் தெருத்தெருவில் கலியமூர்த்தியின் தெருவும் ஒன்று. அந்தக் கூடைகளில் அவள் அம்மா அமராவதியின் கூடையும் ஒன்று. "ஓங்கம்மா எங்களுக்கு எப்பவும் கெழங்கான தள்ளிட்டுப் போயிடறாங்க" என்று லோகநாயகி ஒருநாள் குறைப்பட்டபோது, "அத நாலாவது இயல்ல சேத்துக்கலாம்க்கா, விக்காத மீன விக்கிற முறை" என்றாள் மோனிகா. அன்றைக்கே லோகநாயகிக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மோனிகாவுக்குக் கல்யாணம் பண்ண அவள் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆய்வேட்டைக் கொடுக்க ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கிவிட்டாள். பூஜை விடுமுறை முடிந்து அலுவலகம் திறக்கிற அன்றைக்குக் கொடுத்தாக வேண்டும்; தவறினால் பதிவு ரத்து. சேர்ந்த நாளிலிருந்து செய்ததெல்லாம் இல்லை என்று ஆகிவிடும். அதைக் கலியமூர்த்தியிடம் அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவரும் "நம்ம கைக்கு வந்துடுச்சில்ல, வுடும்மா" என்றார்.

முதல் மூன்று இயல் கையெழுத்தில் கொண்டுவந்தாள். அவர் அடித்துத் தாளில் எடுத்துக் கொடுத்தார். அவளுடைய நெறியாளர் அதில் சிவப்பு மையால் போட்டுத் தாளித்து அனுப்பினார். வரிக்கு வரி. பக்கத்தைத் திருப்பினால் முதுகிலும். அதைத் திருத்தித் திரும்ப எடுத்து, அது திரும்பச் சிவந்து வந்து, இப்படி. கடைசி இரண்டு இயல்களை எழுத நேரம் இல்லை. கடையில் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மீன்கார அம்மாக்களிடம் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே, தன் கருத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். சிதம்பரத்தில் அப்படி அடித்துக் கொடுக்கிற வேகம் உள்ளவர்கள் குறைவு. சொல்லி முடிக்கும் முன் அவர் முடித்துவிட்டு, "ம்?" என்பார்.

"சார், ஒரு காப்பி என் பென் டிரைவ்ல போட்டுக் குடுங்களேன்" என்று நடுவில் ஒருநாள் கேட்டாள்.

"பைண்டிங் முடியட்டும்மா."

அது அந்தச் சாலையில் எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். கடைசிப் பிரிண்டும் பைண்டிங்கும் முடிகிற வரைக்கும் சாஃப்ட் காப்பி கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் பிள்ளைகள் அதைக் கொண்டுபோய், பக்கத்துக்குப் பத்துப் பைசா குறைச்சல் என்று வேறு கடையில் பிரிண்ட் போட்டுவிடுவார்கள். மோனிகா அப்படிச் செய்கிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாய், இத்தனை வருஷமாகச் சொல்லி வந்ததைத்தான் சொன்னது. அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. கடையை முந்தின நாளே கழுவிப் பொட்டு வைத்துவிட்டு, பூஜையன்று கலியமூர்த்தி வீட்டில் இருந்தார். கடைசி இயலில் சின்னச் சின்ன ஒழுங்கு வேலை பாக்கி. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவரை லோகநாயகி கிளப்பினாள்.

"ஏங்க, பொரி கல்ல வாங்கல, பூசணிக்கா வாங்கல, வாழக்கன்னு வாங்கல. அங்க போய் ஒக்காந்துட்டீங்க. எமகண்டம் வரதுக்குள்ள படைக்கணும்."

"ரெண்டு பக்கந்தான்."

"ரெண்டு பக்கம் ரெண்டு பக்கம்னு ரெண்டு மாசமா சொல்றீங்க. எழுந்திருங்க."

போட்டது போட்டபடி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மார்க்கெட்டில் கூட்டம். பூசணிக்காய்க்காரனோடு ஒரு தகராறு. திரும்பி வந்தபோது வீடு சாம்பிராணிப் புகையில் இருந்தது. கூடத்தில் பலகை போட்டு, அதன்மேல் லோகநாயகியின் பெரிய கத்திரிக்கோல், சின்னக் கத்திரிக்கோல், அளவு டேப், பாபின் டப்பா, அரிவாள்மனை, அவருடைய பைக் சாவி எல்லாம் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்து வரிசையாக இருந்தன. தையல் மிஷினுக்கு மாலை போட்டிருந்தாள். பலகைக்கு நட்டநடுவில், சரஸ்வதி படத்தின் மேல் சாய்த்து, கறுப்பாக ஒன்று. மேலே மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், தலையில் ஒரு சாமந்திப்பூ.

கலியமூர்த்தி பையைக் கீழே வைக்காமல் மேஜையைப் பார்த்தார். கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அத ஏன் எடுத்த?"

"ஆங்? உங்க ஆயுதம் அதுதானங்க? கடையில கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சீங்க, இதுக்கு யாரு வப்பா? நாளெல்லாம் நெஞ்சுல வச்சிக்கிட்டுத் திரியறது அதுதான்."

"ஓடிக்கிட்டு இருந்துச்சே."

"எங்க ஓடுச்சி? கருப்பாதான் கெடந்துச்சி. நல்லாப் பாத்துட்டுதான் எடுத்தேன். சந்தனம் கரைச்சி வச்சது காயுது, வாங்க. தேங்கா ஒடைங்க."

அவள் முகம் பூஜைக்கே உரிய பரபரப்பில் மின்னியது. பொழுதோடு குளித்து, பட்டுக் கட்டி, எல்லாச் சாமானையும் ஒற்றை ஆளாகத் துடைத்து வைத்திருந்தாள். அதில் அவருடைய சாமானுக்கு நடு இடம். கலியமூர்த்தி கால் கழுவிவிட்டு வந்தார். தேங்காய் உடைத்தார். நேராக உடைந்தது. கற்பூரத் தட்டை அவர் கையில் கொடுத்தாள். மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினார். சுடர் அந்தக் கறுப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் போகிறபோதெல்லாம் கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

வாசலில் பூசணிக்காயைச் சுற்றி உடைத்துவிட்டு அப்படியே தெருவில் நின்று அருள்மொழிக்குப் போன் போட்டார். அவன் கம்பெனிப் பூஜையில் இருந்தான். மேளச் சத்தம்.

"ஷட் டவுன் பண்ணிருந்தீங்கள்ல மாமா?"

"இல்ல மச்சான். அப்படியே போயிட்டேன். தூங்கியிருக்கும்."

அவன் மேளச் சத்தத்திலிருந்து தள்ளி வந்தான். பிறகு, "ஈரத்துணில தொடச்சாங்களா?" என்றான்.

"சந்தனமே வச்சிருக்கா."

"சொருவுற ஓட்டைலயா?"

"தெரியல. பூ மறைக்குது."

"சரி, தொடாதீங்க. ஈரத்தோட சொருவிடாதீங்க. காயட்டும். காலையில வர்றேன்."

தொடுவதாக இருந்தாலும் தொட்டிருக்க முடியாது. படைத்த சாமானை மறுநாள் மறுபூஜை போடாமல் எடுக்கக்கூடாது. லோகநாயகி அன்றைக்குக் கிழிந்த தலையணை உறைக்கு ஒரு தையல்கூடப் போடமாட்டாள்; காய் நறுக்க அரிவாள்மனை இல்லை என்று சுண்டலும் சாதமும்தான். கலியமூர்த்தி கூடத்தில் சுவரில் சாய்ந்து, பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் அதை எடுத்து வேட்டியால் துடைத்துவிடலாம் என்று ஒருமுறை தோன்றியது. துடைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. சாமிக்கு வைத்ததை எடுத்து, அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்கிற பயமும் இருந்தது. கம்ப்யூட்டர் படித்த மூளை ஒரு பக்கம் சொன்னது, மற்றது மறுபக்கம் சொன்னது. இரண்டுமே கையைக் கட்டிக்கொண்டு உட்காரத்தான் சொல்லின.

விளக்கு வைத்த பிறகு மோனிகா கூப்பிட்டாள்.

"சார், பூஜை முடிஞ்சிதா? நாளைக்கி விஜயதசமி, நல்ல நாளு. பிரிண்டுக்குப் போயிடலாமா? நான் நன்றியுரை எழுதிட்டேன், காலையில வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துடறேன்."

"வாம்மா" என்றார். இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விடிந்ததும் மறுபூஜை. லோகநாயகி குளித்துவிட்டு வந்து, பால் நைவேத்தியம் வைத்து, ஒவ்வொன்றையும் முறைப்படி துளி வடக்கே நகர்த்தி எடுத்தாள். டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி, கண்ணில் ஒற்றி, "இந்தாங்க, நல்லா வேல ஓடட்டும்" என்று கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்.

அருள்மொழி வந்து, பஞ்சையும் ஊசியையும் வைத்து, ஒயர் மாட்டும் வாயில் அடைத்திருந்த காய்ந்த சந்தனத்தைத் துகள் துகளாகச் சுரண்டி எடுத்தான். பிறகு தன் லேப்டாப்பில் மாட்டினான். டப்பாவில் விளக்கு எரிந்தது. கலியமூர்த்தி மூச்சு விட்டார். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி டிக். பல்லி சொல்வது மாதிரி.

அருள்மொழி காதை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"யக்கா, இது எங்கயாச்சும் விழுந்துச்சா?"

"விழல. சாச்சி வச்சது ஒரு தரம் சரிஞ்சிச்சி. அவ்ளோதான்."

"பலகை மேலயா, தரையிலயா?"

"தரையிலதான். பலகையே எத்தன ஒசரம்? எடுத்த ஒடனே நடந்ததுடா அது. பூ வக்கறதுக்கு முன்னால."

"எடுத்த ஒடனேயேவா!" அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "உள்ள தட்டு சுத்திக்கிட்டு இருக்கும்க்கா. அது நிக்கறதுக்குள்ள கீழ போட்டிருக்க. தட்டுல இருக்கறதப் படிக்கிற முள்ளு அதக் கீறியிருக்கும்."

"ஏன்டா கத்துற? ஒரு டப்பாதான?"

கலியமூர்த்தி, "வுடு மச்சான்" என்றார். "இதுல இருக்கறத வெளிய எடுக்க முடியுமா, அத மட்டும் சொல்லு."

"பாண்டில ஒருத்தரு இருக்காரு. பிரிச்சிப் பாப்பாரு. அவுரே கஷ்டம்னா மெட்ராசுக்கு அனுப்புவாரு. வரும்னு யாரும் சொல்ல மாட்டாங்க மாமா. வந்தாலும் நாள் ஆவும், அந்தப் பொண்ணு குடுக்க வேண்டிய தேதிக்கெல்லாம் வராது." கொஞ்சம் தயங்கி, "காப்பி எடுத்து வச்சீங்கள்ல?" என்றான்.

"ஆடி வரைக்கும் இருக்கு. மொத ரெண்டு இயலு. அதுவும் திருத்தாதது."

"சரி, அந்தத் திருத்தின தாளு இருக்கும்ல? அத வச்சி ஆள் போட்டாவது அடிச்சிடலாம். நானும் வர்றேன், லீவு போட்டுட்டு."

கலியமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "திருத்தி முடிச்ச தாளு, கையெழுத்துத் தாளு எல்லாத்தையும் மூட்டையில போட்டு வைக்கிறது. முந்தா நாளு கடையக் கழுவறப்ப மூட்டையோட பழைய பேப்பர்க்காரன்கிட்ட போட்டுட்டேன். வருஷா வருஷம் பூஜைக்குப் போடறதுதான் மச்சான்."

இப்போது லோகநாயகி சத்தம் போடவில்லை. தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "நேத்தே சொல்லியிருக்கலாமேங்க" என்றாள் மெல்ல.

"நேத்து சொல்லி?"

அவள் சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். அருள்மொழி டப்பாவைத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டு, பாண்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினான். விஜயதசமிக்கு அந்தக் கடை திறந்திருக்குமோ என்னவோ. அதை அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மோனிகா வந்தபோது கலியமூர்த்தி அணைந்து கிடந்த கம்ப்யூட்டருக்கு எதிரில், கால்களைச் சேர்த்து வைத்து, நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் புதுச் சுடிதார் போட்டிருந்தாள். கையில் ஒரு பாக்கெட் பொரி. "அம்மா குடுத்தாங்க. கெழங்கான் இல்லன்னு அக்காகிட்ட சொல்லச் சொன்னாங்க" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள். பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள்.

"இது ஒன்னுதான் சார் பாக்கி. பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க."

வாங்கிப் பிரித்தார். நெறியாளர், துறைத் தலைவர், நூலகர், பேசிக்கொடுத்த மீனவப் பெண்கள், அம்மா. எல்லா நன்றியுரையிலும் கடைசியில் தட்டச்சு செய்தவருக்கு ஒரு வரி இருக்கும். அந்த வரியை அவரே எத்தனையோ பேருக்கு ஒரே வார்த்தையில் அடித்துக் கொடுத்திருக்கிறார். இதில் அது நடுவில், அம்மாவுக்கு முந்தி இருந்தது. "நான் சொல்லத் திணறியபோதெல்லாம் பொறுமையாகக் காத்திருந்து" என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் படிக்காமல் தாளை மடித்தார்.

"ஒக்காரும்மா."

லோகநாயகி ஒரு தட்டில் சுண்டலோடு வந்தாள். ஸ்டூலில் வைத்துவிட்டு நிற்காமல் திரும்பினாள். மோனிகா அவளைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். "ஏன் சார், ஒடம்பு சரியில்லயா?"

சொன்னார். பொத்தானைத் தட்டுவதிலிருந்து ஆரம்பித்து, சந்தனத்தை விட்டுவிட்டு, அவர் மறந்துவிட்டுப் போனதால் என்று சொல்லி, டப்பா கீழே விழுந்துவிட்டது என்று முடித்தார். யார் கை என்று சொல்லவில்லை. சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"எல்லாமேவா சார்?"

"ஆடில எடுத்தது இருக்கு."

"நாலு, அஞ்சு?"

இல்லை என்று தலையை அசைத்தார்.

"அம்மாங்க பேசினது எங்கிட்ட பதிவுல இருக்கு. நான் சொல்லச் சொல்ல அடிச்சமே சார், அது?"

அதற்கும் தலையைத்தான் அசைத்தார். "ஓங்க கைடுகிட்ட சொல்லிப் பாப்போமா? நான் வேணா வந்து சொல்றேன். என் தப்புதான்னு எழுதிக் குடுக்கிறேன்."

"ரெண்டு தரம் அவருதான் சார் போய் நின்னு நீட்டிப்பு வாங்கிக் குடுத்தாரு. இனிமே என் மூஞ்சிக்குக் கேக்க முடியாதுன்னுட்டாரு." அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. பையின் வாரைப் பிடித்து இழுத்து நேர் செய்தாள். "அன்னைக்கி ஒரு காப்பி கேட்டேன்ல சார்."

"கேட்டம்மா."

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வாழைக்கன்றுகள் வாடித் தொங்கின. கலியமூர்த்தி நாற்காலியின் முனைக்கு நகர்ந்து வந்தார்.

"நான் திரும்ப அடிச்சிக் குடுக்கிறேம்மா. கடையச் சாத்திட்டு இங்கயே ஒக்காந்துடறேன். வேற ஒரு வேலயும் தொட மாட்டேன். என் வேகம் ஒனக்குத் தெரியும்ல? தேதிக்குள்ள முடிச்சிடுவேன். ஒனக்கு ஒரு சிரமமும் வக்க மாட்டேன்."

மோனிகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி, அவர் சொல்வதில் ஏதாவது வழி இருக்கிறதா என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"எதப் பாத்து சார் அடிப்பீங்க?"

அவர் வாயைத் திறந்தார். விரல்கள் மட்டும் முழங்காலில் லேசாக அசைந்தன. அவள் அவசரப்படவில்லை. அவர் சொல்லட்டும் என்று, அவர் தனக்காகக் கடையில் காத்திருந்த மாதிரியே காத்திருந்தாள். சமையற்கட்டு வாசலில் லோகநாயகியின் நிழல் வந்து நின்றது, உள்ளே வரவில்லை.

மோனிகா எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே போனாள்.